பிரெட்ஸின் பெருவெள்ளம்: பெருமை யாருக்கு?

கருங்கல்:
அமெரிக்க நிலவியலாளர் ஜே ஹார்லன் பிரெட்ஸ், 'பனியுகத்து மிசூலா ஏரியின் வெள்ளத்தைத் தனியொருவராகக் கண்டறிந்தவர்' என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருப்பது எரிச்சலூட்டுகிறது. கிழக்கு வாஷிங்டன் மாநிலத்தின் மண்ணற்ற பாறைவெளிகளைப் பெருவெள்ளமே அரித்தது என்று 1923-இல் எழுதிய பிரெட்ஸிடம், அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அப்போது விடை இல்லை. மொன்டானாவில் பனிப்பாறை அணையிட்டுத் தேக்கிய அந்த ஏரியைப் பற்றி இன்னொரு நிலவியலாளர் ஜோசப் பார்டி 1910-லேயே எழுதிவிட்டார்.

வண்டல்:
எழுதியவன் நான்தான். ஏரி இருந்தது என்பதும், அது உடைந்து பாறையைப் பெயர்த்தது என்பதும் ஒன்றாகிவிடுமா? 1927 ஜனவரியில் வாஷிங்டன் நகரில் நடந்த நிலவியலாளர் கூட்டத்தில் அறிஞர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிரெட்ஸை மறுத்தபோது, அதே அவையில் இருந்த பார்டி வாய் திறக்கவில்லை.

கருங்கல்:
மறுத்தவர்களில் பலர் பார்டி ஊழியம் பார்த்த அரசு நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தாங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள்; அவர்களை எதிர்த்து அவர் எப்படிப் பேசுவார்? நான் கேட்டது தண்ணீரைப் பற்றி. ஏரி இருந்த காமஸ் பிரெய்ரியில் சில இடங்களில் 10 மீட்டர் உயரம் எட்டும், நீரோட்டம் விட்டுச்சென்ற அலைத்தடங்களைக் காட்டி, ஏரி அதிவேகமாக வடிந்ததை 1942-இல் எழுதிய கட்டுரையில் நிறுவியவர் பார்டியே.

செம்மண்:
ஒரே வெள்ளமன்று, பல பத்து வெள்ளங்கள் என்பதே பிற்கால ஆய்வுகளின் முடிவு. அதை இருவரும் கணக்கில் எடுத்துக்கொண்டால் நல்லது.

வண்டல்:
அதைப் பிறகு பார்க்கலாம். அந்தக் கூட்டம் முடிந்து 15 ஆண்டுகள் கழித்து எழுதிய அக்கட்டுரையிலும் பார்டி அந்த நீரைப் பிரெட்ஸின் பாறைவெளிகளோடு நேரடியாக இணைக்கவில்லை. பிரெட்ஸோ 1930-லேயே மிசூலா ஏரியைச் சுட்டிவிட்டார்.

கருங்கல்:
பார்டி காட்டிய ஏரியைத்தானே சுட்டினார்! கண்டங்கள் நகர்கின்றன என்ற வேகனரைப் பற்றி முன்பு இங்கே நடந்த விவாதத்தில், வானிலை ஆய்வாளர் கண்டங்கள் நகர்வதைப் பற்றிப் பேசலாமா என்று ஏளனம் செய்த தாங்கள், சியாட்டிலில் உயிரியல் கற்பித்த பள்ளி ஆசிரியரான பிரெட்ஸுக்கு மட்டும் இவ்வளவு பரிந்து பேசுவது வியப்பளிக்கிறது.

வண்டல்:
அந்தப் பள்ளி ஆசிரியர் 1913-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பழைய பகையை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கருங்கல்:
பட்டத்தை யார் கேட்டார்கள்? பிரெட்ஸுக்கு 1979-இல், 96 வயதில், அமெரிக்க நிலவியல் கழகத்தின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது; பார்டியோ 1960-லேயே இறந்துவிட்டார். தண்ணீரைக் காட்டியவரை விட்டுவிட்டுத் தடத்தைக் காட்டியவரை மட்டும் கொண்டாடுவதை நான் ஏற்கப்போவதில்லை.

வண்டல்:
தாங்கள் ஏற்க வேண்டும் என்று இங்கே யாரும் காத்திருக்கவில்லை. வாய் திறக்காதவருக்குத் தாங்களே ஒரு பதக்கம் அடித்துக் கொடுங்கள்.