மறு: டெக்னாலஜி அடாப்ஷன்: ஏற்பா, தழுவலா, கைவரலா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சிறுதொழில்களுக்கான அரசு உதவிகள் பற்றி நம் குழுமம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இன்னோவேஷனுக்குப் புத்தாக்கம், ஸ்டார்ட்-அப்புக்குப் புத்தொழில். இரண்டும் அரசு நிறுவனங்களின் பெயர்ப்பலகைக்கே ஏறிவிட்டதால் அவற்றில் சண்டை இல்லை. வண்டி நிற்பது அடாப்ஷனில், அதாவது ஒரு தொழில் புதிய தொழில்நுட்பத்தை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்குவதைக் குறிக்கும் சொல்லில். வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> தொழில்நுட்பத் தத்தெடுப்பு. அகராதியிலேயே இருக்கிறது.

இருக்கலாம் ஐயா. அந்த அகராதிக்காரர் பிள்ளையைத் தத்தெடுப்பதை நினைத்து எழுதியிருப்பார். கிராமத்தைத் தத்தெடுப்பது வரைகூடப் பொறுத்துக்கொண்டோம். லேத்தை (உலோகம் கடைகிற இயந்திரம்) தத்தெடுத்தார் என்று பட்டறையில் போய்ச் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

> தழுவலில் என்ன குறை?

நாவலைப் படமாக்குவதற்கும், வேற்றுமொழிக் கதையை நம்மூருக்கு மாற்றி எழுதுவதற்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். அதில் 'மாற்றிக்கொள்வது' என்ற பொருள் ஊறிப்போய்விட்டது. அடாப்டேஷனுக்கும் அடாப்ஷனுக்கும் ஒரே சொல் வைத்தால் மொழிபெயர்க்கிறவர் பாடு திண்டாட்டம்.

> நாங்கள் இலங்கையில் உள்வாங்கல் என்றே எழுதுகிறோம். நன்றாகத்தான் போகிறது.

அக்கா, உங்கள் பக்கம் அது பழகிய சொல், மறுக்கவில்லை. இங்கே 2004 டிசம்பருக்குப் பிறகு 'உள்வாங்கியது' என்றாலே கடல்தான் ஞாபகம் வருகிறது. 'சிறுதொழில்களில் தொழில்நுட்ப உள்வாங்கல்' என்று தலைப்புப் போட்டால், தொழில்நுட்பம் கரையை விட்டுப் பின்னால் போய்விட்டதாக்கும் என்று படிக்கவும் ஆள் இருக்கிறார்கள்.

> வேளாண் துறையில் கடைப்பிடித்தல் என்கிறார்கள்.

முறைகளுக்குப் பொருந்தும். விதைநேர்த்தியைக் கடைப்பிடிக்கலாம். இயந்திரத்தைக் கடைப்பிடிக்க முடியாது.

> ஏற்பு. சுருக்கம், தெளிவு. இதோடு முடித்துக்கொள்ளலாமே?

நானும் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். என் சித்தப்பாவின் பட்டறை நினைவுக்கு வராமல் இருந்திருந்தால் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன்.

கோவையில் சின்ன லேத் பட்டறை. பம்புக்குப் புஷ் (தண்டு சுழல்வதற்கான உலோக வளையம்) கடைந்து கொடுக்கிற கூலி வேலை. பழைய லேத்தில் நாற்பது ஆண்டுப் பழக்கம் அவருக்கு. உளி பிடிக்கிற சத்தத்திலேயே முனை மழுங்கியதைச் சொல்லிவிடுவார். ஆர்டர் கொடுக்கிறவர்கள் சிஎன்சியில், அதாவது கணினியில் எழுதிய கட்டளைப்படி தானே கடைகிற இயந்திரத்தில், வேண்டும் என்று நெருக்கவே, வங்கிக் கடனும் மானியமுமாக ஒரு சிஎன்சி லேத் வாங்கினார். மானியத்துக்காகப் பார்வையிட வந்தவர் இயந்திரத்தையும் அதன் தகட்டில் இருந்த வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொண்டார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். கோப்பைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

பட்டறையில் வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது. பட்டனை அழுத்திப் பொருளை மாட்டிக் கழற்ற ஒரு பையன் போதும். புரோகிராம் எழுதவும், டூல் தேய்கிறபோது ஆஃப்செட் (தேய்மானத்தை ஈடுகட்டும் எண்) மாற்றவும் செட்டர் வேண்டும். வந்த செட்டர் இரண்டே மாதத்தில் கூடுதல் சம்பளத்துக்கு வேறு இடம் போய்விட்டார். அதன்பின் காலையில் கடையும் முதல் பத்து புஷ் அளவாக இருக்கும். மத்தியானத்துக்குள் உள்விட்டம் 0.03 மில்லிமீட்டர் தள்ளிப்போகும், திரையில் எந்த எண்ணைத் தொடுவது என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா அந்தத் திரையையே பார்த்து நிற்பார். கண்ணாடிக் கதவுக்குள் கூலன்ட் (சூடு தணிக்கும் திரவம்) அடிக்கிற இரைச்சலில் அவருக்குப் பழகிய உளிச் சத்தம் கேட்காது. கடைசியில் அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் பழைய லேத்துக்கே திரும்பினார். தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் போனது. ஒருநாள் கேட்டதற்குச் சொன்னார்: “மெஷின் வந்து ஆறு மாசமாச்சு கண்ணு. இன்னும் கைக்கு வரலை.”

ஏற்பு என்ற சொல்லின்படி அவர் தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொண்டவர். கடன்பட்டே ஏற்றவர். அரசின் கணக்கிலும் அப்படித்தான் இருப்பார். அவர் வாயிலேயே வந்த சொல்லைத்தான் நான் முன்வைக்கிறேன்: கைவரல்.

புதிதாக எதையும் புனையவில்லை. கைவந்த கலை என்கிறோம், கைவரப்பெற்றவர் என்கிறோம். வினை உயிரோடு இருக்கிறது, பெயராக்கிப் பட்டியலில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. என் யோசனை ஒரு சொல்லுக்கு அல்ல, இரண்டுக்கு. வாங்குவது, சம்மதிப்பது, பணம் கட்டுவது எல்லாம் ஏற்பு. அது பட்டறையில் அன்றாடம் ஓடுகிற நிலைக்கு வருவது கைவரல்.

> ஆங்கிலத்தில் ஒரு சொல்தானே? நாம் ஏன் இரண்டாக உடைக்க வேண்டும்?

இதுதான் இழையின் நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் அது ஏன் ஒரு சொல்லாகவே நின்றது என்று பார்க்கலாம். புதிய நுட்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஆய்வுக்குப் பெரிய தொடக்கம் வயலில் கிடைத்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 259 உழவர்களிடம் கலப்பின மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று ரயன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1943-இல் எழுதினார்கள். அந்த உழவர்கள் முதல் ஆண்டிலேயே நிலம் முழுக்க விதைத்துவிடவில்லை. ஒரு துண்டில் போட்டுப் பார்த்து, ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போனார்கள். விதையில் வாங்குவதும் பழகுவதும் இப்படிக் கலந்தே நடக்கும், ஒரு சொல் போதும். சிஎன்சியில் கால்வாசி வாங்கிப் போட்டுப் பார்க்க முடியாது. முழுதாக வாங்கி, முழுக் கடனையும் தலையில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் பழகவே ஆரம்பிக்கலாம்.

நம் திட்டங்களின் பணம் எங்கே போனது என்றும் பாருங்கள். துணித் தொழிலுக்கான தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் 1999 ஏப்ரலில் வந்தது. இயந்திரக் கடனின் வட்டியில் 5 சதவீதப் புள்ளியை அரசு ஏற்றது. சிறுதொழில்களுக்கான கடனோடு இணைந்த மூலதன மானியம் 2000-இல் வந்தது. 2005-இல் அதை இயந்திர மதிப்பில் 15 சதவீதம், உச்சம் 15 லட்சம் ரூபாய் என்று உயர்த்தினார்கள். இவை இல்லாவிட்டால் கொங்கு நாட்டில் பாதி இயந்திரங்கள் வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் இரண்டுமே விலைப்பட்டியல் காட்டி வாங்கிய பணம். செட்டருக்கு ஆறு மாதச் சம்பளம், பழகும்போது வீணான இரும்பு, தவறிப்போன ஆர்டர் இவற்றுக்கு யார் விலைப்பட்டியல் கொடுப்பார்கள்?

நெதர்லாந்தில் வேறு பக்கமாக யோசித்தார்கள். 2004-இல் சிறு நிறுவனங்களுக்கு 7,500 யூரோ மதிப்புள்ள வவுச்சர் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு இயந்திரம் வாங்க முடியாது. ஆய்வு நிறுவனத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ போய்த் தன் தொழிலில் உள்ள சிக்கலைக் கொடுத்துத் தீர்வு கேட்கலாம். விண்ணப்பம் குவிந்துவிட்டதால் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். அதனால் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது: பத்து வவுச்சரில் எட்டு, அது இல்லாவிட்டால் நடந்தே இருக்காத வேலைக்குப் போயிருந்தது. (இந்த வவுச்சருக்குத் தமிழ் என்ன என்று இன்னொரு இழையில் அடிதடி நடக்கிறது. 'புத்தாக்கச் சீட்டு' என்றால் சீட்டுக் கம்பெனி என்று ஓடிவிடுவார்கள். இலங்கைச் செய்தித்தாள்கள் பள்ளிப் பாதணிக்கு வவுச்சர் என்றே எழுதுகின்றன. விட்டுவிடுங்கள், வவுச்சரே இருக்கட்டும்.)

சரி, கைவரலில் பணம் மட்டும்தான் சிக்கலா என்றால், அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்ததில் இதற்கு அருமையான சான்று பாகிஸ்தானின் சியால்கோட். கால்பந்து தைக்கிற ஊர். நாம் அறிந்த கால்பந்தில் 20 அறுகோணம், 12 ஐங்கோணம். ரெக்சின் தாளில் அச்சை வைத்து அழுத்தித் துண்டு வெட்டுவார்கள். அறுகோணம் தேன்கூடு மாதிரி ஒட்டி உட்காரும். ஐங்கோணம் உட்காராது, இடையிடையே ரெக்சின் வீணாகும். ஐங்கோணங்களை இன்னும் நெருக்கி வெட்டும் அச்சு ஒன்றை ஓர் ஆய்வாளர் குழு வடிவமைத்து, 2012 மே மாதம் 35 நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. ஏற்பில் எந்தத் தடையும் இல்லை. பதினைந்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பயன்படுத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரணம் வெட்டுகிறவரின் கூலியில் இருந்தது. அவருக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. புது அச்சு பழகும்வரை கை மெதுவாகப் போகும், வருமானம் குறையும். மிச்சமாகிற ரெக்சின் முதலாளிக்கு. அப்புறம் வெட்டுகிறவர் ஏன் “இது நல்லா இருக்குங்க” என்று சொல்வார்? அடுத்ததாக, புது அச்சில் வெட்டத் தெரியும் என்று முதலாளி முன்னால் செய்துகாட்டினால், ஏறத்தாழ ஒரு மாத வருமானத்துக்குச் சமமான தொகை தருவதாகச் சில நிறுவனங்களின் தொழிலாளர்களிடம் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அங்கே அச்சு புழக்கத்துக்கு வந்தது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைத்த யாரிடம் கேட்டாலும், இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேறு வேண்டுமா என்பார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். சியால்கோட்டில் ஏற்றவர் முதலாளி, கைவர வேண்டியது தொழிலாளிக்கு. ஏற்பு என்ற ஒரே சொல்லில் அந்தத் தொழிலாளி மறைந்துபோகிறார். கைவரல் என்றதும் யார் கை என்ற கேள்வி தானாக எழுகிறது. என் சித்தப்பா பட்டறையிலும் அதே கதைதான். நுட்பம் கைவந்திருந்த ஒரே ஆள் கையோடு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

> கைவிரல் என்று படித்துவிடுவார்களே?

ஆமாம். என் கைப்பேசியே இரண்டு முறை 'கைவிரல்' என்று திருத்திவிட்டது. 'கைவரல் விகிதம்' என்று அட்டவணையில் இருந்தால் அச்சுக்கோப்பவர் நிச்சயம் ஒரு சுழி சேர்ப்பார். இது உண்மையான குறை, இதற்கு என்னிடம் பதில் இல்லை. கைவரவு என்று மாற்றலாமா என்று பார்த்தேன், வரவு செலவு வாசனை அடிக்கிறது. கைகூடல் நல்ல சொல், ஆனால் அது காரியம் நிறைவேறுவது. திருமணம்கூடக் கைகூடும்.

இன்னொரு பக்கம் இந்தச் சொல்லுக்கு எதிர்பாராத ஒரு ஜோடி கிடைக்கிறது. ஆரம்பித்ததை விட்டுவிடுவதற்கு ஆங்கிலத்தில் டிஸ்-அடாப்ஷன் என்று ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். நமக்குக் கைவிடல் தயாராக இருக்கிறது. மும்பைக்கு அருகே 17 துணி நிறுவனங்களில் நிர்வாக முறைகள் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. சிலவற்றுக்கு ஐந்து மாதம் இலவசமாக ஆலோசகர்களை அனுப்பினார்கள். பழுதைப் பதிவு செய்வது, நூல் இருப்பைக் கணக்கு வைப்பது மாதிரி 38 நடைமுறைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. (இவை சிறு நிறுவனங்கள் அல்ல, சராசரியாக 270 பேர் வேலை செய்தவை. அதையும் சொல்லிவிட வேண்டும்.) பல ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அந்த ஆலைகள் புதிதாகத் தொடங்கிய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி போயிருந்தன. மேலாளர் மாறியது ஒரு காரணம். பாதி கைவந்தது, பாதி கைவிட்டுப் போனது என்று அந்த அட்டவணையைத் தமிழில் அப்படியே போட்டுவிடலாம்.

> எர்லி அடாப்டருக்கு என்ன செய்வீர்கள்? முந்திக் கைவரப்பெற்றோரா?

மூச்சு வாங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே பேச்சு யார் முதலில் வாங்குகிறார்கள் என்பதுதான். 'முந்தி ஏற்போர்' போதும். அடாப்ஷன் ரேட் வருகிற இடத்தில் மட்டும் மொழிபெயர்க்கிறவர் நின்று பார்க்க வேண்டும்: எண்ணியது விற்ற இயந்திரத்தையா, ஓடுகிற இயந்திரத்தையா? முன்னதானால் ஏற்பு விகிதம், பின்னதானால் கைவரல் விகிதம். மூலத்தில் அது தெளிவாக இல்லையென்றால் எழுதியவரையே கேட்டுவிடுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கவும் கூடும்.

அதேபோல் கைவரல் காலம், கைவரல் உதவி. இந்தக் கடைசிச் சொல்லுக்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் கிடைத்தால் அதில் செட்டர் சம்பளத்தை எழுதலாம் என்று எனக்கு ஓர் ஆசை. அது நம் குழுமத்தின் வேலை இல்லைதான்.

எஞ்சியிருப்பது ஒரே சிக்கல், இலக்கணம் தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள். 'தொழில்நுட்பக் கைவரல்' என்று ஒற்று மிகுத்துத் தொகையாக எழுதுவதா, 'தொழில்நுட்பம் கைவரல்' என்று எழுவாயாகவே விடுவதா? எனக்கு இரண்டாவதுதான் காதுக்கு இயல்பாகப் படுகிறது, கைவருவது நுட்பம்தானே. ஆனால் பட்டியலில் மேலும் கீழும் எல்லாம் தொகையாக இருக்க, இது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை