‘நைஸ்’ என்ற சொல்: தண்டையார்பேட்டை வீட்டுக் குழுவில்

பாப்பா: பெரியப்பா, சட்ட வகுப்பில் கொடுத்த பழைய தீர்ப்பு ஒன்றில் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று நீதிபதி எழுதியிருக்கிறார். இனிமையான வேறுபாடு என்று கொண்டால் வாக்கியத்தோடு ஒட்டவில்லை.

மாமா: நம் ‘நயம்’தான் ஆங்கிலத்துக்குப் போய் நைஸ் ஆனது என்று இன்று காலையில் ஒரு செய்தி வந்தது, பாப்பா.

பெரியப்பா: அதை நம்ப வேண்டாம், தம்பி. ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. அறியாதவன் என்று பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் இதன் மூலம். அதிலுள்ள ‘ஸ்கீரே’, அதாவது அறிதல், என்ற வினையிலிருந்தே சயின்ஸ் என்ற சொல்லும் வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபோது, ஒருவரை நைஸ் என்பது மூடர் என்பதற்குச் சமம். பிறகு, கூச்சம் மிக்கவர், எதிலும் எளிதில் மனநிறைவு கொள்ளாதவர் என்றெல்லாம் நகர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் நுட்பமான, துல்லியமான என்ற பொருளையும் பெற்றது. நீ படித்த தீர்ப்பில் இருப்பது அதுதான், பாப்பா. இனிமையான என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லையே போடும் வழக்கத்தை ஜேன் ஆஸ்டின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயால் கேலி செய்கிறார்.

சித்தி: துல்லியம் என்றதும் நம் மாவு மில்தான் நினைவுக்கு வருகிறது, மாமா. வியாசர்பாடியிலிருந்து அரிசி கொண்டுவரும் பாட்டியிடமும் ரவையாகவா, நைஸாகவா என்றுதான் கேட்கிறோம். புட்டுக்கு என்றால் கல்லைச் சற்றுத் தளர்த்துவோம். இடியாப்பத்துக்கு என்றால் கல்லை இறுக்கி, விழுகிற மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, நறநறப்பு நீங்கும்வரை திருகிலிருந்து கை எடுக்க மாட்டோம்.

பெரியப்பா: அருமையான சான்று, அம்மா. ஆங்கிலேயர் பேச்சில் அருகிவிட்ட பொருளை நம் மில் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

மாமா: நைஸாகப் பேசிக் காரியத்தைச் சாதித்தான் என்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

பெரியப்பா: சேரும் என்றே நினைக்கிறேன். நைஸாக நழுவினான் என்பதில் இனிமைக்கு இடமே இல்லையே. பிறர் கவனியாதபடி நுட்பமாகச் செய்தான் என்பதுதானே கருத்து?

பாப்பா: அப்படியானால் தேர்வில் நானும் அந்தத் தொடரை எழுதலாமா, பெரியப்பா?

பெரியப்பா: தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது அப்படியே எழுது. உன் சொந்த வாக்கியத்தில் ‘ஃபைன்’ அல்லது ‘சட்டில்’ என்று போடு. இல்லையென்றால், நீ அந்த வேறுபாட்டைப் பாராட்டுவதாகத் திருத்துபவர் எண்ணிவிடக்கூடும்.