ஸ்வீடன் பாப் குழு அபாவே முதலில் மூன்றாவது இடம்தான் வந்தார்களாமே, நிஜமா?

வைகை கீபோர்டு:
அண்ணன் அக்காக்களுக்கு வணக்கம். நாங்கள் திருமங்கலம் பக்கம் ஒரு சின்ன மெல்லிசைக் குழு, பங்குனிப் பொங்கலுக்கு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர்கள். போன மாதம் ஒரு போட்டியில் மூன்றாவது இடம். எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பும்போது வேன் ஓட்டும் மாமா, "ஏப்பா, அபாவே மொதல்ல மூணாவதாத்தான் வந்தாய்ங்க" என்றார். டவுன்ஹால் ரோட்டில் கேசட் பதிந்து கொடுத்த காலத்து ஆள், சும்மா சொல்ல மாட்டார். ஆனால் தேடினால் 1974-இல் அவர்கள் யூரோவிஷன் (ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டி) ஜெயித்த கதைதான் வருகிறது. அதற்கு முந்தைய வருடம் என்ன ஆச்சு? நடுவர் சரியில்லையா, பாட்டு சரியில்லையா?

செல்லூர் ரசிகன்:
மாமா சொன்னது சரிதான் தம்பி. 1973 பிப்ரவரி 10, ஸ்டாக்ஹோம். யூரோவிஷனுக்கு ஸ்வீடன் சார்பில் யார் போவது என்று முடிவு செய்யும் மெலோடிஃபெஸ்டிவாலன் போட்டி. அப்போது குழுவுக்கு அபா என்ற பெயரே கிடையாது. பியோர்ன், பென்னி, அக்னெத்தா, அன்னி-ஃப்ரிட் என்று நாலு பெயரையும் வரிசையாகப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறினார்கள் (நோட்டீஸ் அடிக்கிறவர் பாடு திண்டாட்டம்). அக்னெத்தா நிறைமாதக் கர்ப்பிணி, அதே மாதம் 23-ஆம் தேதி குழந்தை பிறந்தது. பாட்டு 'ரிங் ரிங்'. நிபுணர்கள் அடங்கிய நடுவர் குழு மூன்றாவது இடம் கொடுத்தது, ஜனங்களோ ரெக்கார்டை வாங்கித் தள்ளி ஸ்வீடன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ஆங்கில வரிகளுக்கு அமெரிக்கப் பாடலாசிரியர்கள் நீல் செடாகாவையும் ஃபில் கோடியையும் பிடித்திருந்தார்கள். மேனேஜர் ஸ்டிக் ஆண்டர்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

மைக்செட் பாண்டி:
நடுவரைத் திட்டுவது சுலபம். என்னைக் கேட்டால் அந்தப் பாட்டின் பலமே ரெக்கார்டிங்தான். எஞ்சினியர் மைக்கேல் ட்ரெட்டோ வாத்தியங்களை ஒருமுறை பதிந்து, டேப் வேகத்தை லேசாக மாற்றி, அதே வாசிப்பை மேலேயே இன்னொருமுறை பதிந்தார். சுருதி இம்மியளவு விலகி இரண்டும் சேரும்போது சின்னக் கோஷ்டி பெரிய கோஷ்டியாகக் கேட்கும். அமெரிக்காவில் ஃபில் ஸ்பெக்டர் என்ற ரெக்கார்டு தயாரிப்பாளர் இதற்காக ஸ்டுடியோ நிறைய ஆள் உட்கார வைப்பார், இவர் டேப்பிலேயே முடித்துவிட்டார். அந்தச் சத்தத்தை மேடையில் எப்படி எடுப்பது? அதனால் மூன்றாவது இடம் பெரிய அநியாயம் என்று எனக்குப் படவில்லை. தம்பி, நீங்கள் டிராக் போட்டு வாசித்தீர்களா, லைவா? பதிவைப் போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அனுப்பானடி அக்கா:
பாண்டி அண்ணே, அநியாயம் இல்லையென்றால் அடுத்த வருடமே ஏன் நிபுணர் குழுவை எடுத்துவிட்டு, நாட்டின் பல பகுதிகளில் நடுவர்களை வைத்தார்கள்? அந்த முறையில்தான் அபாவின் 'வாட்டர்லூ' பாட்டு ஜெயித்து, 1974 ஏப்ரல் 6-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் யூரோவிஷனையும் ஜெயித்தது. ஆனால் 1973-இல் இவர்களைத் தாண்டிப் போன பாட்டும் யூரோவிஷனில் ஐந்தாவது வந்தது, அதையும் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, பென்னிக்கும் பியோர்னுக்கும் மூன்றாவது இடம் பழகிய இடம்தான். 1972-இல் இதே மெலோடிஃபெஸ்டிவாலனில் அவர்கள் எழுதி லேனா ஆண்டர்சன் பாடிய பாட்டுக்கும் அதேதான் கிடைத்தது!

வைகை கீபோர்டு:
நன்றி அக்கா, நன்றி அண்ணன்மாரே. லைவ்தான் வாசித்தோம். இன்று ராத்திரி பதிவை ஏற்றுகிறேன், இரண்டாவது சரணத்தில் கோரஸ் சுருதி இறங்கும், ரொம்பத் திட்டாதீர்கள்.

மைக்செட் பாண்டி:
அதைத்தான் முதலில் கேட்பேன்.