தனி அறை விடுதி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்குப் புது விடுதி வருகிறது, ஆளுக்கொரு தனி அறை. வரைபடம் பார்த்துக் கருத்துச் சொல்லும் குழுவில் நானும் இருக்கிறேன். இடம் பற்றாததால் பாதி அறைகளின் ஜன்னல் நடைவழிப் பக்கம்தான் திறக்கிறது. கதவைச் சாத்தினால் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் சார்லி மங்கர் என்ற கோடீஸ்வரர் பணம் தர முன்வர, சுமார் 4,500 பேருக்குத் தனி அறைகளோடு ஒரே கட்டடம் எழுப்பத் திட்டமிட்டார்கள். பெரும்பாலான அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. 2021-ல் ஆலோசகராக இருந்த கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் எதிர்த்து விலகினார். 2023-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். இதைக் குழுவில் கட்டாயம் சொல்வேன். ஆனால் நம் ஊர் வெக்கைக்குப் பொருந்தும் உதாரணங்களும் வேண்டும்.

தனி அறையில் தங்கிப் படித்தவர்கள், விடுதி கட்டிய பொறியாளர்கள், வார்டன்கள் சொல்லுங்கள்: கட்டில், மேசை, அலமாரி போட்ட பிறகும் நடமாட எத்தனை சதுர அடி வேண்டும்? துணி காயப்போட எங்கே இடம் விட்டார்கள்? தனியாக இருக்கும் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் பக்கத்து அறைக்கு எப்படித் தெரியும்? வரைபடமோ படமோ இருந்தால் அனுப்புங்கள். அடுத்த வாரம் கூட்டம்.