"வேற லெவல்" அகராதிக்கு வேணுமோ?

கோண்டாவில் ரீச்சர்:
தரம் 10 பிள்ளையளுக்கு நல்லூர்த் தேரைப் பற்றிக் கட்டுரை குடுத்தனான். ஒரு பொடியன் "தேர் இருப்புக்கு வரேக்கை சனம் வேற லெவல்" எண்டு எழுதியிருக்கிறான். சிவப்புப் பேனையால வெட்டினன். அவன் எழும்பி நிண்டு, "ரீச்சர், இது அகராதியில வந்திட்டா வெட்டமாட்டியளோ?" எண்டு கேட்டான். அந்த நேரம் எனக்குப் பதில் வரேல்லை. மூண்டு நாளா மண்டைக்குள்ள அதுதான் ஓடுது.

வரக்கூடாது எண்டுதான் நான் சொல்லுவன். திறம், சோக்கு, அந்தமாதிரி எண்டு எங்களிட்ட ஏற்கெனவே மூண்டு சொல்லு கிடக்கு. அம்மம்மா கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒண்டைக் கையில வாங்கினா, காம்படியை மணந்து பாத்திட்டு "திறம்" எண்டு மட்டும் சொல்லுவா. அதுக்குமேல ஒரு சொல்லும் தேவைப்படாது. என்ர வகுப்பில இப்ப ஒரு பிள்ளையின்ர வாயிலயும் அந்தச் சொல்லு இல்லை. அகராதியும் புதுசுக்கு முத்திரை குத்தினா, பழசு ஆர் வாயில இருக்கப்போகுது?

தட்டிவான்:
ரீச்சர், அகராதி முத்திரை குத்திற கந்தோர் இல்லை. ஊருக்குப் பொறுப்பான விதானையார் வீட்டு விவரம் பதியேக்கை, குழப்படிப் பொடியன் எண்டு ஒருத்தனை விட்டிட்டோ பதியிறவர்? வீட்டில இருந்தாப் பதியத்தான் வேணும். நான் இப்ப எழுதின "கந்தோர்" ஒல்லாந்தற்ற சொல்லு. நீங்கள் வெட்டின பேனையும் இருந்த கதிரையும் போர்த்துக்கேயம். யாழ்ப்பாணம் 1619இல அவையின்ர கையில போய், 1658இல ஒல்லாந்தரிட்ட மாறினது. அந்த நாற்பது வருசத்துக்குள்ள வந்த சொல்லுகளை அண்டைக்கு ஒரு ரீச்சர் வெட்டியிருந்தா, இண்டைக்கு எதில இருக்கிறம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

கோண்டாவில் ரீச்சர்:
கதிரை வரேக்கை அந்தச் சாமானும் சேர்ந்து வந்தது. அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் அப்பிடித்தான். வேற லெவல் என்ன சாமானைக் கொண்டுவந்தது, தம்பி?

கரவெட்டிப் பொடியன்:
நான் சொல்லுறன் ரீச்சர். மாம்பழம் திறம் எண்டலாம். வெயில் திறம் எண்டு சொல்ல ஏலாது. "இண்டைக்கு வெயில் வேற லெவல்" எண்டா எல்லாருக்கும் விளங்கும். நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். அளவு கடந்திட்டுது எண்டதுதான் கருத்து.

கோண்டாவில் ரீச்சர்:
"வெயில் அந்தமாதிரி" எண்டாலும் விளங்கும்.

கரவெட்டிப் பொடியன்:
ஓம். ஆனா அந்தமாதிரி எண்ட கதையைத் தறுதலைப் பேச்செண்டு சொல்லி எங்கட அப்பப்பா அப்பாவுக்கு ஏசினவராம். இப்ப நீங்கள் அதையே நல்ல தமிழெண்டு எனக்குக் காட்டுறியள்.

பருத்தித்துறையாள்:
நான் வேறொரு கதை சொல்ல வேணும். 1996இல எங்கட ஒழுங்கையில ஆமியின்ர சுத்திவளைப்பு. ஆம்பிளையளை எல்லாம் வரிசையில விட்டவை. வாகனத்துக்குள்ள சாக்கால முகம் மூடின ஒருத்தன், கண்ணுக்கு மட்டும் ரண்டு ஓட்டை. மாமா முன்னால போகேக்கை அவன் தலையை ஆட்டினான். அதோட மாமா போனவர்தான். அவனுக்கு ஊரில பேர் தலையாட்டி. சின்னப் பிள்ளைக்கும் அந்தச் சொல்லுத் தெரியும்.

மாமி பிறகு வெளிநாடு போய், அகதி வழக்குக்குச் சத்தியக்கடுதாசி எழுதினவ. அதிலயும் தலையாட்டி எண்டுதான் எழுதினவ. மொழிபெயர்த்தவர் எங்கட ஊராள் இல்லை. தன்னட்ட இருந்த அகராதியைப் பாத்து, தலையாட்டிப் பொம்மை எண்டு ஆங்கிலத்தில போட்டிட்டார். பொம்மை எப்பிடி ஒரு மனுசனைக் காட்டிக்குடுக்கும் எண்டு விசாரணையில கேட்டிருக்கினம். மாமிக்கு என்ன கேக்கினம் எண்டே விளங்கேல்லை, அழுதிட்டா. அந்த ஒரு சொல்லை விளக்கப் பிறகு அரைப்பக்கம் எழுதவேண்டி வந்தது.

அந்த நேரம் அதுவும் தெருச்சொல்லுத்தான், ரீச்சர்.

கோண்டாவில் ரீச்சர்:
வாசிச்சிட்டுக் கனநேரம் ஒண்டும் எழுத ஏலாமல் இருந்தனான். தலையாட்டி கட்டாயம் வரவேணும், அதில எனக்கு மறுப்பே இல்லை. ஆனா ஒரு சனத்துக்கு நடந்ததைச் சுமக்கிற சொல்லையும், படத்தில கேட்டுப் பழகின சொல்லையும் ஒரே தராசில வைக்க எனக்கு மனம் வரேல்லை.

அச்சுக்கோப்பு:
தராசைப் பற்றி நானும் சொல்ல வேணும். 1842இல மானிப்பாயில அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்தில அகராதி வந்தது. உடுவில் சந்திரசேகர பண்டிதர் உழைச்சது, கிட்டத்தட்ட 58,500 சொல்லு. இங்க துவங்கின வேலையின்ர தொடர்ச்சியாத்தான் 1862இல சென்னையில வின்சுலோ அகராதி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 தொடங்கி 1936 வரைக்கும் ஆறு தொகுதி. அதில எங்கட சொல்லுகளுக்குப் பக்கத்தில ஜே எண்ட ஆங்கில எழுத்துப் போட்டிருக்கும், யாழ்ப்பாண வழக்கு எண்டு. க்ரியா அகராதி 1992, 2008, 2020 எண்டு மூண்டு பதிப்பு வந்தது. அதிலயும் இலங்கை வழக்கெண்டு குறிப்பிருக்கு.

ஆனா இப்ப அகராதி செய்யிறவை பெரும்பாலும் அச்சில வந்ததைத் திரட்டித்தான் சொல் எடுக்கினம். வேற லெவல் தமிழ்நாட்டுப் பத்திரிகையளில வரும், அதால அகராதிக்கும் போகும். நீங்களும் நானும் மறிக்க ஏலாது. எங்கட சைக்கிள் டபிள்ஸ் போகுமோ? போனுக்கு ரீலோட் போடுறது போகுமோ? போகாது. அதுகளை அச்சுக்கு விடாமல் நாங்களே வெட்டுறம்.

நான் 25 வருசம் அச்சுக்குப் போறதை ஒப்புநோக்கித் திருத்தினவன். ஒரு சிறுகதையில "தங்கச்சியை டபிள்ஸ் ஏத்திக்கொண்டு போனான்" எண்டு வந்ததை, "மிதிவண்டியின் பின்னால் ஏற்றிச் சென்றான்" எண்டு மாத்தினன். எழுதின பிள்ளை என்னட்ட வந்து, "ஐயா, அவள் பின்னால இருக்கேல்லை, பாரில இருந்தவள்" எண்டுது. டபிள்ஸ் எண்டா ரண்டுக்கும் பொருந்தும். நான் போட்ட நல்ல தமிழ் பிழையான இடத்தில அவளை இருத்திப்போட்டுது. அதை நினைச்சா இப்பவும் எனக்கு மனம் குத்தும்.

தட்டிவான்:
இன்னொண்டு, எந்த எழுத்தில பதியிறது? நாங்கள் ரிக்ரொக், ரிக்கற், ரொறன்ரோ எண்டு எழுதுவம். அங்க டிக்டாக், டிக்கெட், டொராண்டோ. எங்கட பிள்ளை "ரி"யில தேடினா ஒண்டும் கிடையாது. ரண்டு எழுத்திலயும் போட வேணும்.

கோண்டாவில் ரீச்சர்:
கட்டுரையில வெட்டினது வெட்டினதுதான், அதை மாத்தமாட்டன். கட்டுரை வேறை, அகராதி வேறை எண்டு அவனுக்கு நாளைக்குச் சொல்லப்போறன். மூண்டு நாளைக்கு முதல் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

அதோட ஒரு கொப்பியும் துவங்கியிருக்கிறன். ஒவ்வொரு பிள்ளையும் தாய் தேப்பன் கதைக்காத ஒரு சொல்லும், தாங்கள் கதைக்காத ஒரு சொல்லும் கொண்டுவர வேணும். ஆர் சொன்னது, எங்க கேட்டது எண்டதும் எழுத வேணும். முதல் பக்கத்தில தலையாட்டி எழுதிப்போட்டன், பருத்தித்துறைப் பிள்ளை சொன்னபடியே. ரண்டாவது டபிள்ஸ். அச்சுக்கோப்பு ஐயா, அது டபிள்ஸோ டபுள்சோ?

அச்சுக்கோப்பு:
காதில கேட்டபடி எழுதுங்கோ, பிள்ளை. பாரிலயும் கரியரிலயும் இருத்தலாம் எண்டதைப் பக்கத்தில குறிச்சு வையுங்கோ.