ராயக்கோட்டை பற்றி எழுதுகிறேன், "அழிவு"க்கு எந்த ஆங்கில வார்த்தை?

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ராயக்கோட்டை மலைக்கோட்டை பற்றி எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன், 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. "டெஸ்ட்ராய்டு" என்று எழுதினேன், அப்புறம் எனக்கே சரியாகப் படவில்லை, ஏனென்றால் மதில் இன்னும் நிற்கிறதே.

நான் புரிந்துகொண்டது இது. டேமேஜ் என்றால் சரிசெய்ய முடிகிற சேதம். டெஸ்ட்ராய் என்றால் மிச்சமில்லாமல் போவது. டிமாலிஷ் கட்டடத்தை வேண்டுமென்றே இடிப்பது. டெவஸ்டேட் ஒரு ஊரையே, ஒரு மனதையே குலைப்பது, 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதே, அதற்கு இந்த வார்த்தைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். டெசிமேட் ரோமானியப் படையில் பத்தில் ஒருவரைக் கொல்லும் தண்டனையிலிருந்து வந்ததாம், இன்று பெரும்பகுதியை அழிப்பதற்குச் சொல்கிறார்கள்.

சிக்கல் ரூயின்-தான். "இன் ரூயின்ஸ்" என்றால் நம் "சிதிலமடைந்து" போலவே இருக்கிறது. ஆனால் மழை மாம்பூவைக் கெடுத்தாலும் ரூயின், கடனில் குடும்பம் நொடித்தாலும் ரூயின். யாரும் இடிக்காமல் காலத்தால் அங்கங்கே சரிந்த மதிலுக்கு வினைச்சொல்லாக எதைப் போடுவது? ரூயின்டு என்றால் யாரோ கெடுத்தது போல ஒலிக்குமா? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள், பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது.