உதவி: வீவக புளோக்குகள் தரைக்குள் புதைகின்றன, நாளை காலை காட்ட வேண்டும்

தோபாயோ_தேன்மொழி
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளை உயரத்தோடு காட்டும் முப்பரிமாண வரைபடம் செய்கிறேன். மாடி எண்ணிக்கையை 3 மீட்டரால் பெருக்கி உயரம் கொடுத்தேன். எல்லாம் பாதி புதைந்து நிற்கின்றன. நாளை 10 மணிக்கு வகுப்பில் காட்ட வேண்டும். என்ன தப்பு?

கடலோடி
எந்த லைப்ரரி? டெர்ரெய்ன், அதாவது நிலத்தின் மேடுபள்ளம், போட்டிருக்கிறீர்களா? தரவு எந்த வடிவில்?

நிலஅளவை_மாமா
சந்தேகமே வேண்டாம், இது எஸ்விஒய்21 தகராறு. அது நம் ஊர் நிலஅளவையின் ஆயமுறை, மீட்டரில் இருக்கும், இபிஎஸ்ஜி குறியீட்டு எண் 3414. அதை டிகிரி என்று கொடுத்திருப்பீர்கள். மாற்றிவிட்டு வாருங்கள்.

கடலோடி
மாமா, அப்படியானால் புளோக் தோ பாயோவிலேயே இருக்காதே. இவர் புதைகிறது என்றல்லவா சொல்கிறார்?

பைட்_பெரியசாமி
ஆவணத்தைப் பிரித்தாவது பார்த்தீர்களா, தங்கச்சி? வாரம் ஒருவர் இதையே கேட்கிறார். முதலில் முப்பரிமாணம் எதற்கு? 40 மாடிக்குப் பின்னால் 4 மாடி மறைந்துபோகும். தட்டையான வரைபடத்தில் நிறம் போட்டால் முடிந்தது.

ஜூரோங்_ஜானகி
இது மேல்நோக்கி வளர்ந்த ஊர் ஐயா. பினக்கல் அட் டக்ஸ்டன் என்ற வீவக குடியிருப்பில் 50 மாடி, 7 கோபுரம், 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் பாலங்கள். தட்டையாக வரைந்தால் என்ன தெரியும்?

பைட்_பெரியசாமி
மாடியை 3ஆல் பெருக்கினால் மட்டும் பாலம் வந்துவிடுமா? வெறும் பெட்டிதான் வரும்.

ஜூரோங்_ஜானகி
சரி, பாலம் வராது. பெட்டியைத் திருப்பிப் பார்க்கவாவது முடியுமே.

தோபாயோ_தேன்மொழி
மன்னிக்கவும், லைப்ரரி சீசியம்ஜேஎஸ், உலக உருண்டையை முப்பரிமாணத்தில் காட்டுவது. தரவு ஜியோஜேசான் கோப்பு, இடம் சரியாகத்தான் விழுகிறது. டெர்ரெய்ன் உண்டு. மரீன் பரேட்டில் மூன்று மாடி போல இறங்குகிறது, புக்கிட் பாத்தோக்கில் அதைவிட அதிகம்.

கடலோடி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சீசியத்தில் உயரம் 0 என்பது கடல் மட்டம் அல்ல, டபிள்யூஜிஎஸ்84 நீள்கோளத்தின் பரப்பு, அதாவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் கணித வடிவப் பூமி. சிங்கப்பூரில் கடல் மட்டமே அதற்கு ஏழெட்டு மீட்டர் மேலே இருக்கிறது. அதன்மேல்தான் நிலம். மரீன் பரேட் கடலை மீட்ட தாழ்நிலம், அதனால் மூன்று மாடியோடு தப்பித்தது. மேட்டுப் பகுதியில் மேடும் சேர்ந்து விழுங்குகிறது.

ஒவ்வொரு பாலிகனுக்கும் (புளோக்கின் வடிவத்துக்கும்) ஹைட்ரெஃபரன்ஸ் (அடி எங்கிருந்து அளப்பது), எக்ஸ்ட்ரூடட்ஹைட்ரெஃபரன்ஸ் (உச்சி எங்கிருந்து அளப்பது) இரண்டையும் ரிலேட்டிவ்_டு_கிரவுண்ட், அதாவது தரையிலிருந்து, என்று ஆக்குங்கள். ஹைட் 0 என்று எழுதியே வையுங்கள், எழுதாவிட்டால் சீசியம் இந்த அமைப்பைக் காதில் போட்டுக்கொள்ளாது. எல்லாவற்றோடும் 8 மீட்டரைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள், புக்கிட் பாத்தோக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

நிலஅளவை_மாமா
எதற்கும் எஸ்விஒய்21ஐ ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பைட்_பெரியசாமி
ஆவணத்தில் இருப்பதைத்தான் கடலோடி எழுதியிருக்கிறார்.

ஜூரோங்_ஜானகி
அதை நீங்களே எழுதியிருக்கலாமே.

தோபாயோ_தேன்மொழி
எழுந்து நிற்கின்றன. நன்றி கடலோடி அண்ணே. சரிவில் ஒரு புளோக்கின் மூலை மட்டும் காற்றில் தொங்குகிறது, யாரும் கவனிக்கவில்லை.